சர் ஏ.டி. பன்னீர்செல்வம்: வேதமும் சட்டசபையும்



சென்ற சந்திப்பில் மதியச் சாப்பாடு முடிந்து, மரத்தடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பழங்கதை பேசிக்கொண்டிருந்தோம். இப்போது படிக்கிற பிள்ளைகள் சிலரும் வந்து கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு மாணவி கேட்ட கேள்வி எங்கள் எல்லோரையும் ஒரு நிமிடம் வாயடைக்க வைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற ஒருவர், திங்கட்கிழமை சட்டசபைக்குப் போகிறார். அவர் தன் மதத்தை வாசலில் செருப்பைக் கழற்றி விடுகிற மாதிரி விட்டுவிட்டு உள்ளே போகணுமா, இல்லை கூடவே எடுத்துக்கொண்டு போகணுமா என்பதுதான் அந்தக் கேள்வி.

ஆளுக்கொரு பதில் சொன்னோம். விட்டுவிட்டுத்தான் போகணும், இல்லாவிட்டால் மதச்சார்பின்மை எங்கே என்றார் ஒருவர். மதத்தை விட்டுவிட்டால் மனசாட்சியும் கூடவே போய்விடுமே என்றார் இன்னொருவர். கேள்வி கேட்ட பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாதத்தால் தீராத கேள்வியை ஒரு வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் என்ன என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்த வாழ்க்கையையே எழுத உட்கார்ந்துவிட்டேன். அது சர் ஏ.டி. பன்னீர்செல்வத்தின் வாழ்க்கை.

அவர் நம் பக்கத்துக்காரர் இல்லை, தஞ்சாவூர்க்காரர். ஆனால் அந்தக் காலத்தில் தஞ்சாவூரிலிருந்து சென்னை சட்டசபைக்கு ரயிலேறுகிற எவரும் கும்பகோணம், மாயவரம், சிதம்பரம், கடலூர் தாண்டி நம்ம விழுப்புரம் ஜங்ஷன், திண்டிவனம் வழியாகத்தான் எழும்பூர் போய்ச் சேர முடியும். மெயின் லைன் அதுதான். அந்த ரயில் போன வழியில் நம் பக்கத்திலும் அவருடைய வேதத்தைச் சேர்ந்த ஊர்கள் உண்டு. முகையூர், இறையூர் என்று பேர் சொன்னாலே நமக்குக் கோவில் திருவிழா நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். அதனால் இந்தக் கதை நமக்கு அந்நியமானது அல்ல.

செல்வபுரத்து வக்கீல்

ஆரோக்கியசாமி தாமரைச்செல்வம் பன்னீர்செல்வம் 1888ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி பிறந்தார். ஊர் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள செல்வபுரம். நிலபுலன் நிறைந்த கத்தோலிக்கக் குடும்பம். இங்கிலாந்துக்குப் போய்ச் சட்டம் படித்து, பாரிஸ்டராகத் திரும்பி வந்து தஞ்சாவூரில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

அன்றைய பாரிஸ்டர்களில் பலர் கோர்ட்டும் கிளப்பும் உண்டு என்று இருந்துவிட்டார்கள். இவர் ஊர்ப் பொறுப்புகளுக்குள் இறங்கினார். தஞ்சை நகராட்சித் தலைவர் ஆனார். பிறகு 1920களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவர் ஆனார். 1916இல் தோன்றிய நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவராகவும் வளர்ந்தார். ராவ் பகதூர் பட்டம் முதலில் வந்தது, சர் பட்டம் பின்னால் வந்தது.

ஜில்லா போர்டு என்றால் இன்றைய மாணவர்களுக்குப் புரியாமல் போகலாம். ஜில்லா முழுவதற்கும் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மன்றம் அது. இன்றைய மாவட்ட ஊராட்சியைவிட அதிகாரம் கூடுதல். தஞ்சாவூரில் அதோடு இன்னொரு சுமையும் சேர்ந்தது. மராட்டிய அரசர்கள் கட்டிவைத்த சத்திரங்கள், அவற்றின் நிலங்கள், அந்த வருமானத்தில் நடந்த பள்ளிகள், விடுதிகள் எல்லாம் போர்டின் பொறுப்பில் இருந்தன.

சத்திரத்துச் சாப்பாடு

பன்னீர்செல்வத்தின் பேர் தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் நிலைத்திருப்பதற்கு இந்தச் சத்திரங்கள்தான் காரணம். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திர வருமானத்தில் மாணவர்களுக்கு இலவசச் சாப்பாடும் தங்குமிடமும் இருந்தன. ஆனால் அந்தப் பந்தியில் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே இலை போடுவார்கள். அதே பள்ளியில் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு இடமில்லை. பன்னீர்செல்வம் போர்டுத் தலைவராக இருந்தபோது அந்தக் கதவு மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்தது.

திருவையாற்றுக் கல்லூரி விஷயமும் இதே மாதிரிதான். அரசர் அறக்கட்டளையில் நடந்த அந்தக் கல்லூரி வடமொழி கற்பிப்பதற்கு மட்டுமே இருந்தது. காவிரிக்கரையில் தமிழ்நாட்டு நிலத்தின் வருமானத்தில் நடக்கிற கல்லூரியில் தமிழுக்கு இடமில்லை! கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரம் பிள்ளை போன்றவர்கள் துணை நிற்க, பன்னீர்செல்வம் அங்கே தமிழ் வித்துவான் படிப்பு வர வழி செய்தார். பின்னாளில் எத்தனையோ தமிழாசிரியர்கள் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தார்கள். நம்மில் பலருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்களின் ஆசிரியர்கள் அங்கே படித்தவர்களாக இருக்கலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்து அரசர்கள் வைத்த தர்மத்தில் ஒரு கிறிஸ்தவர் கைவைக்கிறார். ஊரில் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியும். வேதக்காரருக்கு நம்ம சத்திரத்தில் என்ன வேலை என்று ஒரு வார்த்தை போதுமே! ஒதுங்கிப் போயிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பலன் பெற்ற பிள்ளைகளும் பெரும்பாலும் அவருடைய மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஓட்டுக் கணக்குப் போட்டாலும் லாபம் இல்லாத வேலை.

கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் சின்ன வயதில் ஞானோபதேசம் படிப்பார்கள். அதில் இரக்கச் செயல்கள் என்று ஒரு பட்டியல் வரும். உடலைச் சார்ந்தவை ஏழு, ஆன்மாவைச் சார்ந்தவை ஏழு. முதல் பட்டியலில் முதலாவதாக வருவது பசித்தவருக்குச் சோறு போடுவது. இரண்டாவது பட்டியலில் அறியாதவருக்குக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. அந்தப் பட்டியலில் பசித்தவர் எந்த மதம், எந்தச் சாதி என்ற கேள்வியே கிடையாது. பிராமணர் அல்லாதார் இயக்கத்தின் கொள்கைதான் அவரை அந்தச் சத்திரக் கதவருகே கொண்டுபோய் நிறுத்தியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கட்சிக் கொள்கையும் ஞானோபதேசமும் ஒரே இலையின் முன்னால் சந்தித்துக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்தவருக்கென்று ஒரு நாற்காலி

இனி சட்டசபை. இன்றைய மாணவர்களுக்குத் தனித் தொகுதி என்றால் பட்டியல் சாதியினர் மட்டும் வேட்பாளராக நிற்க, எல்லாரும் ஓட்டுப் போடுகிற தொகுதி. அன்றைய ஏற்பாடு வேறு. அதில் வேட்பாளரும் அந்தச் சமூகம், வாக்காளரும் அந்தச் சமூகம். முஸ்லிம் பிரதிநிதியை முஸ்லிம் வாக்காளர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். கிறிஸ்தவப் பிரதிநிதியைக் கிறிஸ்தவ வாக்காளர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1919ஆம் வருடச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் தேர்தல் மூலம் வந்த 98 இடங்களில் 5 இடம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு. பன்னீர்செல்வத்தின் அரசியல் அப்படிப்பட்ட கிறிஸ்தவத் தொகுதியை அடித்தளமாகக் கொண்டது.

அதாவது மதத்தை வாசலில் விட்டுவிட்டு வா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மதம்தான் அவருக்கு வாசலே! 1960இல் அமெரிக்காவில் கென்னடி ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது நிலைமை நேர் எதிர். ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன்னால் போய், தான் கத்தோலிக்கராக இருந்தாலும் ரோமாபுரியின் சொற்படி ஆட்சி நடத்த மாட்டேன் என்று அவர் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு மதம் ஒரு தடைக்கல். நம் மாகாணத்தில் பன்னீர்செல்வத்துக்கு அது படிக்கட்டு. தடைக்கல்லைத் தாண்டுவது கஷ்டம்தான். ஆனால் படிக்கட்டில் ஏறியவர் அங்கேயே உட்கார்ந்துவிடாமல் இருப்பதும் கஷ்டம் இல்லையா?

லண்டனில் எடுத்த நிலை

1931 செப்டம்பரில் லண்டனில் இரண்டாவது வட்டமேசை மாநாடு தொடங்கியது. காந்தியடிகள் கலந்துகொண்ட ஒரே வட்டமேசை மாநாடு அது. இந்தியக் கிறிஸ்தவர்கள் சார்பில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் எஸ்.கே. தத்தா, புராட்டஸ்டண்ட். இன்னொருவர் நம் பன்னீர்செல்வம், கத்தோலிக்கர்.

இரண்டு பேரும் ஒரே வேதாகமத்தை வாசித்தவர்கள். ஆனால் அரசியல் கேள்வியில் எதிரெதிராக நின்றார்கள். கிறிஸ்தவர்கள் தனி வாக்காளர் பட்டியல் கேட்கக் கூடாது, மற்ற இந்தியரோடு கலந்தே நிற்க வேண்டும் என்பது தத்தாவின் நிலை. தனிப் பட்டியல் வேண்டும் என்பது பன்னீர்செல்வத்தின் நிலை. தென்னாட்டுக் கத்தோலிக்கத் தலைவர்களில் பெரும்பாலோரின் எண்ணமும் அன்று அதுதான். சிதறிக் கிடக்கிற சிறு கூட்டம், பொதுத் தொகுதியில் நின்றால் ஒருவரும் ஜெயித்து வர முடியாது, நம் பள்ளிகளுக்கும் கோவில்களுக்கும் பேச ஆள் இருக்காது என்ற அச்சம். அந்த அச்சத்தை வெறும் பதவி ஆசை என்று தள்ளிவிட முடியாது.

அந்த நவம்பரில் சிறுபான்மையோர் ஒப்பந்தம் என்ற ஒன்று உருவானது. முஸ்லிம்கள் சார்பில் ஆகா கான், தாழ்த்தப்பட்டோர் சார்பில் டாக்டர் அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியர் சார்பில் சர் ஹென்றி கிட்னி, ஐரோப்பியர் சார்பில் சர் ஹியூபர்ட் கார் ஆகியோர் சேர்ந்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் சேர்ந்தவர் பன்னீர்செல்வம். காந்தியடிகள் அதை ஏற்கவில்லை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு அறிவித்த வகுப்புத் தீர்ப்பில் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் உறுதியானது. தாழ்த்தப்பட்டோருக்குக் கிடைத்தது, காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தால் மாறிப்போனது.

அன்றைக்கே இந்த நிலைக்குக் கண்டனம் இருந்தது. நாட்டைத் துண்டுபோடுகிற வேலை, வெள்ளைக்காரனின் பிரித்தாளும் சூழ்ச்சிக்குத் துணைபோகிறார்கள் என்று காங்கிரஸ்காரர்கள் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீதிக்கட்சி ஆங்கில அரசோடு ஒத்துப்போன கட்சி என்பதும் வரலாறு. வாழ்க்கை வரலாறு எழுதுகிறோம் என்பதற்காக அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

தோல்விக்குப் பிறகு தெரிந்த மனிதர்

1934இல் அவர் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினரானார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அலை அடித்தது. 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. நீதிக்கட்சியின் பெரிய பெரிய ராஜாக்கள், ஜமீன்தார்கள் எல்லாம் மண்ணைக் கவ்வினார்கள். கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவே தோற்றுப்போனார். பன்னீர்செல்வம் ஜெயித்து வந்தார். காங்கிரஸ் உடனே பதவி ஏற்காததால் ஏப்ரல் முதல் ஜூலை நடுவரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால மந்திரிசபை நடந்தது. அதில் பன்னீர்செல்வமும் மந்திரி. ஜூலை 14இல் ராஜாஜி பிரதமரானார். பன்னீர்செல்வம் எதிர்வரிசைக்குப் போனார்.

கிறிஸ்தவத் தொகுதியின் உறுப்பினர் எதிர்வரிசையில் உட்கார்ந்து என்ன செய்யலாம்? மிஷன் பள்ளிகளின் மானியம் குறையாமல் பார்த்துக்கொண்டு, ஆளும் கட்சியோடு சிநேகமாக இருந்துவிடலாம். தொகுதிக்காரர்களுக்கும் அதுவே போதும். ஆனால் 1938 ஏப்ரல் 21இல் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை போட்டது. பன்னீர்செல்வம் அதைச் சட்டசபைக்குள்ளும் வெளியிலும் எதிர்த்தார்.

வெளியே போராட்டத்தின் தலைவர் பெரியார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவர், பூசையையும் புரோகிதத்தையும் எந்த மதத்தில் இருந்தாலும் கண்டித்தவர். பன்னீர்செல்வமோ கத்தோலிக்கர். இருவரும் எப்படி ஒரே மேடையில் நின்றார்கள்? 1938 டிசம்பரில் பெரியார் சிறைக்குப் போனார். அந்த மாதக் கடைசியில் சென்னையில் நடந்த நீதிக்கட்சி மாநாடு, பெல்லாரிச் சிறையில் இருந்த அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மேடையில் தலைவரின் இடம் காலியாக இருந்தது. பெரியாரின் தலைமையுரையை அங்கே படித்தவர் பன்னீர்செல்வம். ஒரு நாத்திகரின் உரையை, மாநாட்டின் முன்னால், ஒரு வேதக்காரர் தன் குரலில் படித்தார்!

அதனால் அவருடைய விசுவாசம் குறைந்துவிட்டதா? அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. தாய்மொழியைக் காப்பதற்குப் பக்கத்தில் நிற்பவன் சாமி கும்பிடுகிறானா என்று அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் சார்ந்த திருச்சபையில் அன்று பூசை லத்தீனில் நடந்தது. ஆனால் மக்களிடம் மறையைச் சொன்னதெல்லாம் தமிழில். நம் தென்னார்க்காட்டுக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவில் கட்டிய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழுக்கு அகராதி செய்தவர். அந்த வழியில் வந்த ஒரு கத்தோலிக்கருக்குத் தமிழ் வெறும் கட்சி விஷயமாக இருந்திருக்க முடியாது.

போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். உலகப்போர் விஷயமாகக் காங்கிரஸ் மந்திரிசபை 1939 அக்டோபரில் பதவி விலகியது. 1940 பிப்ரவரி 21இல் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாய இந்தியை நீக்கினார்.

திரும்பாத விமானம்

அந்த வெற்றியை அவர் ஒன்பது நாள்தான் பார்த்தார். லண்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராக அவர் நியமிக்கப்பட்டிருந்தார். பொறுப்பேற்க விமானத்தில் புறப்பட்டார். இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியின் ஹனிபால் என்ற நான்கு எஞ்சின் விமானம். 1940 மார்ச் 1ஆம் தேதி, பாரசீகக் கரையில் ஜாஸ்கிலிருந்து கிளம்பி ஷார்ஜா போகிற வழியில், ஓமன் வளைகுடாவின் மேல் அது காணாமல் போனது. அதில் இருந்தவர்கள் 8 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்போது அவருக்கு வயது 51.

பெரியார் குடிஅரசில் எழுதிய இரங்கல் பலரும் அறிந்தது. தன் மனைவி போனபோதும், தாயார் போனபோதும் மனதைத் தேற்றிக்கொண்டவர், பன்னீர்செல்வத்தின் மறைவைத் தாங்க முடியாமல் எழுதினார். கடவுளை நம்பாதவர், கடவுளை நம்பியவருக்காக அழுதார். திருச்சியில் இன்று பன்னீர்செல்வத்துக்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற நம் மாணவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

வேலி காத்ததா, அடைத்ததா?

அவர் லண்டனில் கேட்டு வாங்கிய ஏற்பாடு என்ன ஆயிற்று? அவர் இறந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, 1949 மே மாதம், அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற ஒதுக்கீட்டைக் கைவிட்டது. அதை வரவேற்றவர்களில் முக்கியமானவர் சென்னையிலிருந்து சபைக்குப் போன ஜெரோம் டிசோசா. அவரும் கத்தோலிக்கர். சாதாரணக் கத்தோலிக்கர் அல்ல, ஏசு சபைத் துறவி, லயோலா கல்லூரி முதல்வர். 1931இல் ஒரு கத்தோலிக்கர் வேண்டும் என்று வாங்கியதை 1949இல் இன்னொரு கத்தோலிக்கர் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்! பதிலாக, தம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும், கல்வி நிலையங்களை நடத்தவும் எல்லோருக்கும் பொதுவான அடிப்படை உரிமைகள் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரே விசுவாசம் இரண்டு எதிரெதிரான ஓட்டுகளுக்கு இடம் கொடுக்கும். மதம் ஒரு உறுப்பினருக்கு எதை மதிக்க வேண்டும் என்று சொல்லலாம். எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்பதை அவர்தான் காலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கைவிட்டது சரிதானா? பொதுத் தொகுதியில் நின்றால் கிறிஸ்தவர் வர முடியாது என்ற பயம் முழுக்க உண்மையாகவில்லை. கொளச்சல் தொகுதியில் ஜெயித்து வந்த லூர்தம்மாள் சைமன் 1957 முதல் 1962 வரை காமராசர் மந்திரிசபையில் உள்ளாட்சி அமைச்சராக இருந்தார். மீன்பிடி மக்களுக்காகவும் பாடுபட்டார். அண்மைக் காலத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. 2007இல் தமிழக அரசு கல்வி, வேலைவாய்ப்பில் கிறிஸ்தவர்களுக்கு மூன்றரை சதவீதத் தனி ஒதுக்கீடு கொடுத்தது. பொதுப் பிற்பட்டோர் பட்டியலில் கிடைத்ததைவிட இதில் குறைவாகக் கிடைக்கிறது என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் 2008இல் அது நீக்கப்பட்டது. வேலி பயிரைக் காக்கவும் செய்யும், வளரவிடாமல் அடைக்கவும் செய்யும்.

இன்னொரு உண்மையும் உண்டு. அது நம் பக்கத்தைச் சேர்ந்தது, சொல்லக் கஷ்டமானது. லண்டனில் இந்தியக் கிறிஸ்தவர் என்று ஒரே பேரில் எழுதப்பட்ட சமூகத்துக்குள் சாதி இருந்தது. இன்றும் இருக்கிறது. இறையூரில் 2008 மார்ச்சில் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். தலித் கிறிஸ்தவரின் நிலை இரட்டைச் சுமை. 1950ஆம் வருட ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆக முடியும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2022இல் மத்திய அரசு இதை ஆராய ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரல் 19இல் நம் சட்டமன்றம், மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் அந்த உரிமையைத் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அம்பேத்கரும் பன்னீர்செல்வமும் 1931இல் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். ஒருவரின் மக்களாகவும் மற்றவரின் மக்களாகவும் ஒரே நேரத்தில் இருப்பவர்கள்தான் இரண்டு கணக்கிலும் விடுபட்டுப்போனார்கள். நம் கல்லூரியில் படித்த எத்தனையோ பேர் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சத்திரத்தில் எல்லாருக்கும் இலை போட வைத்தவரின் கதையைப் படிக்கிற கத்தோலிக்கர்கள், தங்கள் கோவிலிலும் கல்லறையிலும் இன்னும் கோடு இருந்தால் அதைப் பார்த்து வெட்கப்படத்தான் வேண்டும்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. நம்ம திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரார் வள்ளலாரின் அடியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை மாகாணப் பிரதமராக இருந்தபோது தாழ்த்தப்பட்டோரின் கோவில் நுழைவுக்கும், தேவதாசி முறை ஒழிப்புக்கும், ஜமீன் ஒழிப்புக்கும் சட்டம் வந்தது. அவர் வள்ளலாரை வாசலில் விட்டுவிட்டுக் கோட்டைக்குப் போனதாக யாராவது சொல்ல முடியுமா? அதே சமயம், சன்மார்க்கத்தாருக்கு மட்டும் ஆட்சி நடத்தினார் என்றும் யாரும் சொல்ல முடியாது.

மரத்தடிக் கேள்விக்கு என் பதில் இதுதான். மதத்தை உள்ளே கொண்டுபோகலாம், தப்பில்லை. ஆனால் அதை யாருக்காகச் செலவழித்தார் என்று பார்க்க வேண்டும். தன் ஆட்களுக்காக மட்டும் செலவழித்தால் அது சங்கம் நடத்துவது. தனக்கு ஓட்டே இல்லாதவனுடைய பிள்ளைக்கு இலை போட்டால் அதுதான் பொதுவாழ்வு. பன்னீர்செல்வம் முதலாவதையும் செய்தார், இரண்டாவதையும் செய்தார். முதலாவதற்காக வாங்கிய தொகுதி இன்று இல்லை. இரண்டாவதற்காகத் திறந்த கதவு மூடப்படவே இல்லை.

கேள்வி கேட்ட அந்த மாணவி இந்த மலரைப் படிப்பார் என்று நம்புகிறேன். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த சந்திப்பில் அதே மரத்தடியில் சண்டை போட வரலாம். நாற்காலி போட்டு வைத்திருப்போம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!